கழற்றிப் பார்த்த மனிதர் – ஜி.டி. நாயுடு

(இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு)

மலர் என்றாலே ஒரு விஞ்ஞானியின் வரலாறு கட்டாயம் இருக்கும். எடிசன் வருவார், நியூட்டன் வருவார், ஆப்பிள் விழும். நல்லதுதான். ஆனால் நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு குறை உண்டு. கையில் கிரீஸ் பட்ட ஆள், ஸ்பேனர் பிடிச்ச ஆள், அதிலும் நம்ம தமிழ்நாட்டு ஆள் ஒருத்தரும் அந்தப் பக்கங்களில் வருவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை. டிகிரி இல்லாதவர், டிப்ளமோகூட இல்லாதவர், ஆனால் ஒரு பாலிடெக்னிக் உருவாகக் காரணமாக இருந்தவர். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுதான் அவர்.

முழுப் பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893 மார்ச் 23-ஆம் தேதி கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வாத்தியார் முகத்தில் மண்ணை வாரி எறிந்துவிட்டு ஓடிப்போன பையன் என்று அவர் வரலாற்றை எழுதிய எல்லோரும் மறக்காமல் எழுதுகிறார்கள். (முதலாண்டு தம்பிகள் கவனிக்க: இதைப் பின்பற்ற வேண்டாம்!) ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. அப்பாவின் தோட்டத்தில் வேலை. அப்படியே இருந்திருந்தால் கலங்கலில் இன்னொரு விவசாயி. அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் நிலவரி வேலையாக லங்காஷயர் என்றொரு வெள்ளைக்கார அதிகாரி வந்து போய்க்கொண்டிருந்தார். அவர் ஏறி வந்தது ஒரு மோட்டார் சைக்கிள். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் மட்டுமே பார்த்த ஊரில், மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடுகிறது! வண்டி வழியில் நின்றுபோய், அந்தத் துரை அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மண்ணெண்ணெய் கொண்டுவந்து கொடுத்த பையன் நம்ம துரைசாமி என்று கோவைப் பக்கம் சொல்வார்கள். எப்படியோ, அந்த வண்டி அவன் மனசில் உட்கார்ந்துவிட்டது.

நம்ம செஞ்சியில் இருக்கிற எல்லோருக்கும் ராஜா தேசிங்கு கதை தெரியும். யாருக்கும் அடங்காத குதிரையைச் சின்ன வயசிலேயே அடக்கினான் என்று கதைப்பாட்டுக்காரர்கள் பாடுவார்கள். தேசிங்கு 1714-இல் செத்துப்போனான், குதிரை இன்னும் பேசப்படுகிறது. கலங்கல் பையனுக்கு அந்த மோட்டார் சைக்கிள்தான் குதிரை. வித்தியாசம் என்னவென்றால் இவன் ராஜா வீட்டுப் பிள்ளை இல்லை. குதிரையை முதலில் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும்.

கோயம்புத்தூருக்குப் போனார். ஒரு ஓட்டலில் சர்வர் வேலை. டேபிள் துடைத்து, இலை எடுத்து, சம்பளத்தைச் சேர்த்துவைத்தார். ஒரு மாசம் இரண்டு மாசம் இல்லை நண்பர்களே, மூன்று வருஷம்! நாம் ஒரு டிப்ளமோ முடிக்கிற காலம் அது. சேர்த்த சில நூறு ரூபாயைக் கொண்டுபோய் அதே லங்காஷயரிடம் கொடுத்து அதே வண்டியை வாங்கினார்.

வாங்கினவர் என்ன செய்தார் தெரியுமா? ஊர் சுற்றவில்லை. அக்கக்காகக் கழற்றிப் போட்டார். மறுபடி மாட்டினார்.

இந்த ஒரு வரியை எல்லாப் புத்தகத்திலும் போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய வாழ்க்கையே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கலாம்.

அது ரட்ஜ் கம்பெனி வண்டி, 1912 மாடல். இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்தில் செய்தது. அந்தக் காலத்து ரட்ஜ் எஞ்சின் ஒற்றை சிலிண்டர், 499 சி.சி., ஃபோர் ஸ்ட்ரோக். இன்றைக்கு நாம் லேபில் பார்க்கிற எஞ்சின் மாதிரி இரண்டு வால்வும் தலைக்கு மேலே இருக்காது. இன்லெட் வால்வு மேலே, எக்ஸாஸ்ட் வால்வு பக்கவாட்டில். தீப்பொறிக்கு மேக்னெட்டோ. பின் சக்கரத்துக்குச் செயின் கிடையாது, பெல்ட். 1914-இல் இதே ரட்ஜ் கம்பெனி வண்டிதான் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த சீனியர் டி.டி. பந்தயத்தை ஜெயித்தது. ஆக, அந்தப் பையன் கையில் கிடைத்தது ஏதோ காயலான் கடைச் சரக்கு இல்லை, அன்றைய உலகத்தின் நல்ல எஞ்சின்களில் ஒன்று. கூடவே சர்வீஸ் மேனுவல் படித்துச் சொல்ல ஆள் இல்லை. லேப் அசிஸ்டென்ட் இல்லை. கேட்டால் சொல்வதற்குக் கலங்கலில் யாருக்கும் அதைப் பற்றித் தெரியாது.

கழற்றுவது பெரிய விஷயமே இல்லை. ஸ்பேனர் இருந்தால் யாரும் கழற்றலாம், ஸ்பேனர் இல்லாமல் சுத்தியலை வைத்தும் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டுவதில்தான் இருக்கிறது சங்கதி. எங்கள் தெருவில் ஒருவர் பழைய அம்பாசடர் காரின் எஞ்சினை வீட்டு வாசலிலேயே இறக்கி ஓவராயில் செய்தார். அந்த லீவு முழுக்க நான் அவருக்குக் கையாள். வேப்பமரக் கிளையில் செயின் பிளாக் மாட்டி எஞ்சினைத் தூக்கினோம். 1489 சி.சி., நாலு சிலிண்டர். திண்ணை முழுக்கப் பழைய டிபன் பாக்ஸ், பவுடர் டப்பா, ஒரு அட்டை. அட்டையில் ஓட்டை போட்டு எட்டு புஷ் ராடையும் வரிசையாகக் குத்திவைத்தார். எது எங்கே இருந்ததோ அது அங்கேதான் திரும்பப் போக வேண்டும். கனெக்டிங் ராடின் கேப்பை மாற்றிப் போட்டுவிட்டால் முடிந்தது கதை. ராடையும் கேப்பையும் சேர்த்துவைத்துத்தான் ஓட்டை போட்டிருப்பார்கள், ஒன்றின் கேப் இன்னொன்றுக்கு வட்டமாக உட்காராது. அதனால் கழற்றும்போதே சென்டர் பஞ்சால் புள்ளி குத்தணும். ஒண்ணாம் நம்பருக்கு ஒரு புள்ளி, ரெண்டாம் நம்பருக்கு ரெண்டு.

பிளாக்கை மட்டும் திண்டிவனத்தில் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் இருபது தௌ ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கி வந்தோம். மற்றதெல்லாம் திண்ணையிலேயே. வால்வுக்குப் பேஸ்ட் தடவி, சீட்டில் சாம்பல் நிறக் கோடு ஒரே அகலத்தில் சுற்றி வரும்வரை கையால் உருட்டி உருட்டி லேப்பிங். பிஸ்டன் ரிங்குகளின் வாய் ஒன்றுக்கு நேராக ஒன்று வரக்கூடாது, வந்தால் கம்ப்ரஷன் அந்த வழியாகவே நழுவிவிடும். டைமிங் செயினின் இரண்டு பல்சக்கரத்திலும் இருக்கும் புள்ளிகள் ஒன்றையொன்று பார்க்கணும். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போகிற மாதிரி, ஒரே மூச்சில் இல்லாமல் இரண்டு மூன்று சுற்றாக முடுக்கணும். ஓரத்திலிருந்து முடுக்கினால் ஹெட் வளையும், கேஸ்கெட் ஊதும். கடைசியில் பிளக்கைக் கழற்றிவைத்துவிட்டு ஆயில் பிரஷர் வருகிறவரை சும்மா சுற்றவிட்டு, அப்புறம்தான் ஸ்டார்ட். முதலில் வெள்ளையாகப் புகை. தெருவே கூடி நின்றது. பிறகு புகை குறைந்து, டுக் டுக்கென்று சீராக ஓட ஆரம்பித்தது.

இவ்வளவையும் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒருவர் பக்கத்தில் இருந்தார். ரட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்த அந்த இளைஞனுக்கு ரட்ஜ் மட்டும்தான் வாத்தியார். எந்த வாஷரை எங்கே போடுவது என்று வண்டியே சொல்லணும். தப்பாகப் போட்டால் ஓடாது, சரியாகப் போட்டால் ஓடும். முகத்தில் மண் எறிந்தாலும் கோபித்துக்கொள்ளாத வாத்தியார்!

வண்டி ஓடியது. அதிலிருந்து அவர் மெக்கானிக். ஆனால் நேராக மேலே ஏறிப் போனார் என்று நினைக்காதீர்கள். நடுவில் ஒரு பெரிய விழுக்காடு இருக்கிறது. முதல் உலகப் போர் சமயத்தில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார், திருப்பூரில் ஜின்னிங் தொழில் செய்தார், கையில் நல்ல பணம் சேர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு பம்பாய் பஞ்சு மார்க்கெட்டுக்குப் போனார். அங்கே மொத்தத்தையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

இந்த இடத்தில் வருகிறார் ராபர்ட் ஸ்டேன்ஸ். கோவையில் மில், காபி, மோட்டார் என்று பல தொழில் நடத்திய வெள்ளைக்காரர். அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார் நாயுடு. இந்த ஆளிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்ட ஸ்டேன்ஸ், பாதிப் பணத்தைப் பிறகு தவணையில் கட்டச்சொல்லி ஒரு பஸ்ஸைக் கொடுக்க ஏற்பாடு செய்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அந்த ஒற்றை பஸ் ஓட ஆரம்பித்தது. ஓட்டினவர் நாயுடு. வழியில் நின்றால் இறங்கி ரிப்பேர் பார்த்தவரும் நாயுடுவே. கழற்றிப் போட்ட ரட்ஜ் அப்போது சோறு போட்டது.

ஒரு பஸ் பல பஸ் ஆனது. யுனைடெட் இல்லை, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். தென்னிந்தியாவின் பெரிய பஸ் கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது. நேரம் தவறாமை அங்கே சாமி மாதிரி. பஸ் எப்போது கிளம்பும், எப்போது வரும் என்று காட்டக் கருவி, டிக்கெட் கொடுக்க இயந்திரம், எஞ்சினின் அதிர்வைப் பார்த்துக் கோளாறு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வைப்ரேட்டர் டெஸ்டர் என்று அவரே வடிவமைத்தார். இந்தக் கடைசிக் கருவியைத்தான் நாம் கவனிக்கணும். எஞ்சினைக் கழற்றிப் பார்த்து ஆரம்பித்தவர், கழற்றாமலேயே உள்ளே என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ளும் இடத்துக்கு வந்துவிட்டார். இன்றைக்கு நாம் மெயின்டனன்ஸ் பாடத்தில் படிக்கிற கண்டிஷன் மானிட்டரிங் இதுதானே!

1930-களின் தொடக்கத்தில் பைகாரா நீர்மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது. மில்லுக்கு மோட்டார் வேண்டும், கிணற்றுக்குப் பம்பு வேண்டும், மோட்டாரோ கப்பலில் வர வேண்டும். 1937-இல் பீளமேட்டில் இருந்த அவருடைய தொழிற்சாலையிலிருந்து மின்மோட்டார் வெளியே வந்தது. இந்தியாவில் செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். அதில் டி. பாலசுந்தரம் நாயுடுவின் உழைப்பு பெரியது. பின்னால் டெக்ஸ்டூல் நிறுவனத்தை ஆரம்பித்தவர் அவரே. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜி.டி. நாயுடு எல்லாவற்றையும் தனியாளாகச் செய்தார் என்கிற மாதிரி நம்ம ஆட்கள் எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. தெரிந்தவரைக் கூட வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் அவர்.

மற்ற கண்டுபிடிப்புகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பேட்டரி செல்லில் ஓடும் ராசன்ட் என்ற சவர ரேசர் (ஜெர்மனியில் செய்யப்பட்ட குட்டி மோட்டார் வைத்தது), மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், கள்ள ஓட்டுப் போட முடியாத ஓட்டு எந்திரம், சினிமா கேமராவுக்குத் தூரத்தைச் சரிசெய்யும் கருவி. 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைக் கையில் கேமராவோடு படம் பிடித்தார். 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார்.

இனி நம்மைத் தொடும் விஷயத்துக்கு வருவோம்.

1944-இல் பஸ் தொழிலிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு, அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தன. ஆர்தர் ஹோப் அப்போதைய சென்னை மாகாண கவர்னர். கல்லூரி பிறகு இடம் மாறி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது ஜி.சி.டி. ஆனது. ஆனால் அவினாசி ரோட்டில் பஸ் கண்டக்டர்கள் ஹோப் காலேஜ் ஹோப் காலேஜ் என்று கூவுவது மட்டும் நிற்கவில்லை. கல்லூரி போய்விட்டது, ஸ்டாப்பிங் இருக்கிறது!

அந்தக் கல்லூரிக்கு 1945-இல் முதல்வராக இருந்தவர் ஆரம்பப் பள்ளியைத் தாண்டாத ஜி.டி. நாயுடு. உட்கார்ந்ததும் பாடத்திட்டத்தைப் பார்த்தார். நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் போதும் என்று சொன்னார். ஒர்க்‌ஷாப்பில் நிற்கவைத்தால் பையன் இரண்டு வருஷத்தில் தேறிவிடுவான் என்பது அவர் கட்சி. பிரிட்டிஷ் அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு இறங்கிவிட்டார்.

இதை ஹாஸ்டலில் பேசினால் எல்லோரும் நாயுடு பக்கம்தான் கை தூக்குவார்கள். எனக்கும் முதலில் கை தூக்கத்தான் தோன்றியது. கேம்பஸில் வருகிறவர்கள் டிகிரிக்காரனுக்கு ஒரு நாற்காலி, டிப்ளமோக்காரனுக்கு ஒரு நாற்காலி என்று பிரித்துப் பார்க்கும்போது, வருஷக் கணக்கை வைத்து மனுஷனை அளப்பது எவ்வளவு தப்பு என்று நமக்குத் தெரியும். ஒர்க்‌ஷாப் நேரம் போதாது என்பதும் உண்மை. ஒரு எஞ்சினைச் சுற்றி இருபது பேர் நின்றால் ஸ்பேனர் பிடிப்பவன் ஒருத்தன், ரெக்கார்டு எழுதுகிறவர்கள் பத்தொன்பது பேர்.

ஆனால் திண்ணையில் அந்த அம்பாசடர் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது இன்னொன்றும் தோன்றியது. கழற்றி மாட்டினால் எது எங்கே இருக்கிறது என்று தெரியும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஏன் இவ்வளவு இடைவெளி என்று கேட்டால் எஞ்சின் பதில் சொல்லாது. 73 மில்லிமீட்டர் அலுமினியப் பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.17 மில்லிமீட்டர் விரிகிறது. அதே அளவு வார்ப்பிரும்பு அதில் பாதி கூட விரிவதில்லை, 0.08 தான். இடைவெளி விடாமல் மாட்டினால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் ஃபீலர் கேஜை வைத்துச் சரி என்பார். ஆனால் நாளைக்கு வேறு உலோகத்தில், வேறு அளவில் ஒரு பிஸ்டனை நாமே செய்யணும் என்றால்? அந்தக் கணக்கு நாம் தூங்கி வழிகிற பீரியடில்தான் இருக்கிறது. நாயுடுவுக்கே மோட்டார் செய்யும்போது பாலசுந்தரம் தேவைப்பட்டார் இல்லையா? அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் அவருக்கு முக்கால் ஓட்டுதான் போடுவேன். கால் ஓட்டு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் சாருக்கு.

எனக்கு மனசு கனக்கிற பகுதி இனிமேல்தான். 1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை நாயுடு செய்து காட்டினார். விலை 2,000 ரூபாய் என்றார். கார் என்பது மிட்டா மிராசுகளின் சொத்தாக இருந்த காலம் அது. ஆனால் தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் 1951-இல் வந்திருந்தது. அதன்படி புதிதாகத் தொழிற்சாலை வைத்து உற்பத்தி செய்ய மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். நாயுடுவுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் அத்தோடு நின்றது.

அரசாங்கத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்று எகனாமிக்ஸ் படித்தவர்கள் சொல்லக்கூடும். சிறிய நாட்டு மார்க்கெட், அன்னியச் செலாவணி தட்டுப்பாடு, பல பேர் கொஞ்சம் கொஞ்சம் கார் செய்தால் ஒருத்தரும் உருப்பட மாட்டார்கள் என்பது கணக்கு. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸுமே அந்த வருஷங்களில் இந்தியாவில் கார் பூட்டுவதை நிறுத்திக்கொண்டு கிளம்பின. சரி. ஆனால் அந்தக் கணக்குப்படி மிச்சமிருந்த கார்களைப் புக் செய்துவிட்டு நம்ம தாத்தாக்கள் வருஷக் கணக்கில் காத்துக்கிடந்தார்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? சாதாரண மனுஷன் கார் என்ற பேச்சு உருப்படியாக ரோட்டுக்கு வர 1983 டிசம்பரில் மாருதி 800 வரவேண்டியிருந்தது. முப்பத்தோரு வருஷம்!

கோபக்காரர் நாயுடு. 1950-களில் வரியையும் லைசென்ஸையும் எதிர்த்து, தான் செய்த கருவிகளையே ஊரறியக் கூட்டம் போட்டு உடைத்தார். ஒரு வாஷர் வீணாகாமல் எஞ்சினை மாட்டக் கற்றுக்கொண்ட கை, ரேடியோவை உடைத்தது. அது சரியா தப்பா என்று எங்கள் ரூமில் இரவு ஒரு மணிவரை சண்டை. உடைத்தது தப்பு, வைத்திருந்தால் நாம் பார்த்திருப்போம் என்று நான் சொன்னேன். உடைத்ததால்தான் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறோம் என்றான் நண்பன். தீர்ப்பை உங்களிடமே விடுகிறேன்.

பிற்காலத்தில் செடிகள் பக்கம் போனார். பருத்தி, பப்பாளி என்று ஆராய்ச்சி. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த பருத்திச் செடி அவர் தோட்டத்தில் நின்றது. விவசாயி மகன்தானே! 1974 ஜனவரி 4-ஆம் தேதி மறைந்தார்.

கோவையில் அவினாசி ரோட்டில் அவர் பெயரில் தொழில் கண்காட்சி இருக்கிறது. அவர் செய்த, சேர்த்த கருவிகளை அங்கே பார்க்கலாம். பக்கத்திலேயே 2015-இல் பழைய கார்களுக்கென்று ஜீடீ கார் மியூசியம் திறந்தார்கள். 2025 அக்டோபரில் அதே அவினாசி ரோட்டின் மேல் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரை வைத்திருக்கிறார்கள்.

அடுத்த இண்டஸ்ட்ரியல் விசிட் எங்கே என்று இப்போதே டிபார்ட்மென்டில் பேச்சு ஓடுகிறது. ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் எப்படியும் வேலைக்குப் போகும்போது பார்க்கப்போகிற இடங்கள்தான். செஞ்சியிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் திருவண்ணாமலை, சேலம் வழியாகக் காலையில் கோயம்புத்தூர். கை தூக்குகிறவர்கள் கிளாஸ் ரெப்பிடம் பெயர் கொடுக்கவும்.